சொந்தக் குரல்

அஞ்சலிக் கூட்டம் மாலை ஆறு மணிக்கு. மத்தியானம் மூன்றாகியும் மறைந்தவரின் குரல் மட்டும் கிடைக்கவில்லை.

அந்த வருடம் கலைமன்றம் நான்கு கலைஞர்களைப் பறிகொடுத்திருந்தது. முன்பு நடந்த அஞ்சலிகளில் புல்லாங்குழல்காரருக்கு இசைத்தட்டு இருந்தது. நடனக்காரம்மாவுக்கு ஆளுயரப் படம் இருந்தது. மேஜிக்காரருக்குத் தொப்பி இருந்தது. பலகுரல் மன்னரிடம்தான் செயலாளர் வசமாக மாட்டிக்கொண்டார். 'அன்னாரின் சொந்தக் குரலில் சில நிமிடங்கள்' என்று அழைப்பிதழில் அவரே எழுதி அச்சடித்தும் விட்டார்.

"ஊர்ல இருக்கிற எல்லார் குரல்லயும் பேசினவரு. போற நேரத்துல அவரோட குரல்னு ஒண்ணு வேண்டாமா? விடமாட்டேன்."

மேடைக்குப் பின்னால் நின்றே பதினெட்டு வருடம் மன்றத்தை நடத்தியவர். விடமாட்டேன் என்றால் விடமாட்டார்.

பழைய பதிவுகளைப் போட்டுக் கேட்டார். ரயில் வந்தது, குக்கர் விசிலடித்தது, கைக்குழந்தை அழுதது, ஓர் அமைச்சர் ராஜினாமா செய்தார். பலகுரல் மன்னர் மட்டும் வரவில்லை.

அவர் மனைவிக்கு ஃபோன் போட்டார்.

"வீட்ல சாதாரணமா பேசினது ஏதாவது இருக்காம்மா?"

"சாதாரணமா எங்கண்ணே பேசினாரு? என்கிட்ட எங்கப்பா குரல்லதான் பேசுவாரு. இருபத்தாறு வருஷமா எதிர்த்து ஒரு வார்த்தை பேசினதில்ல நான்."

"ஒண்ணுமே இல்லையா?"

"அவரு ஃபோனுக்கு அடிச்சுப் பாருங்க. எடுக்கலேன்னா அவரு பேசி வச்சது கேக்கும்."

அடித்தார். 'நீங்கள் அழைத்த எண் உபயோகத்தில் இல்லை' என்றாள் ஒரு பெண். மூன்று தடவை அடித்தார். மூன்று தடவையும் அதே பெண்.

"லைனைக் கட் பண்ணிட்டாங்க போலம்மா."

"ஐயோ, அது அவருதாண்ணே. சொந்தக்காரங்க தொல்லை தாங்காம அப்படிப் பேசி வச்சாரு" என்றவர், சட்டென்று அழ ஆரம்பித்துவிட்டார்.

செயலாளருக்கு மனசு கேட்கவில்லை. "அழாதீங்கம்மா. ஆறு மணிக்கு வாங்க. அவர் குரலை நீங்க கேக்கறீங்க, நான் பொறுப்பு" என்று வாக்குக் கொடுத்துவிட்டார்.

அந்தம்மா ஒரு வேன் நிறையச் சொந்தக்காரர்களோடு ஐந்தரைக்கே வந்து முதல் வரிசையில் உட்கார்ந்துவிட்டார்.

செயலாளர் ஓடிப்போய் மைக்செட்காரரைப் பிடித்தார். "பதினஞ்சு வருஷமா அவர் கூடவே இருந்தீங்களே. ஒரு பதிவு கூடவா இல்ல?"

மைக்செட்காரர் நெளிந்தார். "மேக்கப் ரூம்ல விளையாட்டா ஒண்ணு பேசினாரு. அது வேண்டாம் சார்."

"போடுங்க."

ஹெட்ஃபோனில் ஒருவர் யாரையோ விளாசிக்கொண்டிருந்தார். 'நாற்காலியை இப்படியா போடுவாங்க? நான் ஒருத்தன் இல்லேன்னா இந்த மன்றம் என்னத்துக்கு ஆகும்?'

செயலாளருக்குக் கண் கலங்கிவிட்டது.

"என்ன குரல்யா! என்ன கம்பீரம்! மன்றத்து மேல என்ன அக்கறை! இப்படி ஒரு குரலை வச்சுக்கிட்டு மனுஷன் எதுக்கு ஊரான் குரல்ல எல்லாம் பேசினாரு?"

"சார், அது வந்து..."

"வந்தும் இல்ல, போயும் இல்ல. எல்லாரையும் எழுந்து நிக்கச் சொல்லிட்டுப் போடுங்க."

அரங்கம் எழுந்து நின்றது. குரல் ஒலித்தது.

பின்வரிசையில் யாரோ களுக்கென்றார்கள். நடுவரிசை குலுங்கியது. மன்றத் தலைவர் கைக்குட்டையை வாயில் திணித்துக்கொண்டார். மூன்று வாரமாகத் தலை நிமிராத அந்தம்மாவே வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழியச் சிரித்தார்.

செயலாளருக்கு ரத்தம் கொதித்தது. போய்ச் சேர்ந்த மனிதனின் குரலைக் கேட்டா சிரிக்கிறார்கள்? வாழ்க்கையில் முதல் முறையாக மேடையேறி மைக்கைப் பிடுங்கினார்.

"எதுக்குச் சிரிக்கிறீங்க? ஒரு கலைஞனுக்குக் குடுக்கிற மரியாதையா இது?"

கூட்டம் இன்னும் பலமாகச் சிரித்தது. கை தட்டியது. "ஒன்ஸ் மோர்!" என்று கத்தியது.

வியர்த்து விறுவிறுத்து இறங்கி வந்தார். "ஏன்யா, இவங்களுக்கெல்லாம் என்ன பைத்தியமா?"

மைக்செட்காரர் அவர் காதருகே குனிந்தார்.

"அதைத்தான் சார் அப்பவே சொல்ல வந்தேன். அது அவர் குரல் இல்ல, உங்க குரல்."