சிவக்காத தங்கம்

கடைசிப் புட்டி கைநழுவித் தொட்டியில் விழுந்து உடைந்தது. அதிலிருந்த தங்கக் குளோரைடு முழுவதும் குழாய்த் தண்ணீரோடு ஓடியே போய்விட்டது. அப்போது மணி காலை ஒன்பது இருபது. பார்வையாளர்கள் வருவது மாலை மூன்றுக்கு. புதுப் புட்டி வர மூன்று வாரம் ஆகும்.

ஆய்வக உதவியாளர் தொட்டியின் ஓட்டைக்குள் ஒரு கண்ணை வைத்துப் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை.

வேலை என்னவோ எளிதுதான். தங்கக் குளோரைடைக் கொதிக்கவைத்துச் சிட்ரேட்டை விட்டால், கண்ணுக்குத் தெரியாத தங்க நானோ துகள்கள் உண்டாகி, கரைசல் மாதுளைச் சாறு போலச் சிவக்கும். ஆய்வகத் தலைவியான மேடம் தான் கண்டுபிடித்த பக்குவக் கலவையைச் சேர்த்தபின், அந்தச் சிவப்பில் வயிற்றைக் கெடுக்கும் பாக்டீரியா உள்ள தண்ணீர் ஒரு சொட்டு பட்டாலும் நீலமாகிவிடும். பள்ளிக்கூடக் குடிதண்ணீரையெல்லாம் இப்படிச் சோதிக்க வேண்டும் என்று மேடம் நான்கு வருடமாகப் பாடுபடுகிறார். இன்றைக்குத்தான் அதைக் காட்டும் நாள்.

உதவியாளர் தன் கையைப் பார்த்தார். விரலில் கல்யாண மோதிரம்.

பதினொரு வருடத்தில் அவர் தொலைத்தவை: குடை மூன்று, டிபன் பாக்ஸ் இரண்டு, மூக்குக் கண்ணாடி ஒன்று. ஒருமுறை ஸ்கூட்டரைக் கடைத்தெருவில் விட்டுவிட்டுப் பஸ்ஸில் வீடு வந்து சேர்ந்தார். தொலைக்காதது இந்த மோதிரம் ஒன்றுதான். இரண்டு வருடத்துக்கு முன் மனைவி மெருகு போட வாங்கிப்போன ஒரு வாரம் தவிர, அது விரலைவிட்டு இறங்கியதே இல்லை.

"மன்னிச்சிடும்மா" என்று முணுமுணுத்துவிட்டு, அதைத் தங்கத்தையும் கரைக்கும் அமிலமான ராஜ திராவகத்தில் போட்டார்.

தங்கம் கரைந்தால் மஞ்சள் வரவேண்டும். பச்சை வந்தது. 'நகைத் தங்கத்தில் கொஞ்சம் செம்பு கலந்துதானே இருக்கும்' என்று தன்னைத் தேற்றிக்கொண்டார். மிச்ச அமிலத்தை ஆவியாக்கினார், நீர் சேர்த்தார், கொதிக்கவைத்தார், சிட்ரேட்டை விட்டார்.

சிவக்கவில்லை. இன்னும் கொஞ்சம் சிட்ரேட் விட்டார். குளத்துப் பாசி மாதிரி ஆனது. இன்னும் சூடேற்றினார். எருமை இறங்கிய குளம் மாதிரி ஆனது.

"அக்கா!" என்று கூப்பிட்டார்.

குடுவை கழுவும் அக்கா கையுறையோடு வந்து நின்றார். ஒன்பது வருடமாக அந்தத் தொட்டியடியில் நிற்பவர். ஒவ்வொரு குடுவையையும் வாய்விட்டு எண்ணித்தான் அலசுவார்.

"இந்தக் குடுவையை நல்லா அலசினீங்களா?"

"என்ன தம்பி புதுசாக் கேக்கறீங்க? ஏழு தடவை. நான் எண்றதுல உங்களுக்குத் தலைவலியே வருதுன்னு நீங்கதானே சொல்வீங்க?" என்றவர், உதவியாளரின் கையைப் பார்த்தார். "ஆமா, விரலைச் சுத்தி என்ன பச்சையா இருக்கு?"

"ஆசிட்டுக்கா" என்று கையைப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

மணி இரண்டே முக்கால். வேறு வழி தோன்றவில்லை. குளத்தைக் கொட்டிவிட்டு, நல்ல தண்ணீரில் சிவப்பு மையை நாலு சொட்டு விட்டார். மாதுளைச் சாறேதான்! மேடமே பார்த்துவிட்டு, "பிரமாதம், இவ்வளவு அழகா நமக்கு வந்ததே இல்ல!" என்றார்.

மூன்று மணிக்கு நாலு பார்வையாளர்கள் மேசையைச் சுற்றி நின்றார்கள். மேடம் தன் பக்குவத்தைச் சேர்த்துக் கலக்கிவிட்டு, சாக்கடைத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டார். சிவப்பு அப்படியே இருந்தது. ஒரு கரண்டி விட்டார். அப்படியே இருந்தது. அரை டம்ளரைக் கவிழ்த்தார். சற்று வெளுத்த சிவப்பாக இருந்தது.

பார்வையாளர்களில் மூத்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்போ, இந்தச் சாக்கடைத் தண்ணியைப் பிள்ளைங்களுக்குக் கொடுக்கலாம்ங்கறீங்க?"

அவர்கள் தேநீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார்கள். அந்த அறையில் எந்தத் தண்ணீரையும் நம்ப அவர்கள் தயாராக இல்லை.

"என்ன ஆச்சு?" என்றார் மேடம். "நாலு வருஷ உழைப்புப்பா."

'மோதிரம்' என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். அது அவர் நாக்கு நுனிவரை வந்தது. வந்த வழியே திரும்பிப் போனது.

"குடுவையில சோப்பு ஒட்டியிருந்திருக்கும் மேடம்."

"அப்போ நாளையிலிருந்து அவங்க ஸ்டோர்ல அட்டைப்பெட்டி அடுக்கட்டும். இங்க வேண்டாம்."

ஐந்து மணிக்கு அக்கா கையுறைகளை அலசிக் காயப்போட்டுவிட்டு அவரிடம் வந்தார். அழவில்லை. விரல்களை மடக்கி மடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, ஒருவேளை ஆறு தடவைதான் அலசினேனோ? எண்ணிக்கை தப்பிடுச்சோ?"

உதவியாளர் வாயைத் திறந்தார். "பரவாயில்லக்கா" என்ற சொல்தான் வெளியே வந்தது. வந்தபிறகு, அதைவிடக் கேவலமான சொல் எதுவும் இல்லை என்று பட்டது.

நாளைக் காலை முதல் வேலையாக மேடத்திடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று பஸ்ஸில் ஐந்து நிறுத்தம்வரை உறுதியாக இருந்தார். ஆறாவது நிறுத்தத்தில் நகைப் பட்டறை இருந்தது. முதலில் மோதிரம், மற்றது பிறகு என்று இறங்கிவிட்டார். அவருடைய கல்யாண மோதிரத்தைச் செய்தவரின் பட்டறைதான் அது.

பர்ஸில் வைத்திருந்த கல்யாணப் போட்டோவை நீட்டினார். "இதே மாதிரி ஒண்ணு வேணும். வீட்ல தெரியறதுக்குள்ள வேணும்."

நகைக்காரர் போட்டோவை விளக்கடியில் பிடித்துப் பார்த்தார். பிறகு அவர் முகத்தைப் பார்த்தார். "பழசு என்ன ஆச்சு சார்?"

"லேப்ல ஒரு சோதனைக்காகக் கரைச்சேன். தங்கம் நல்ல தங்கம்தான். குடுவை கழுவறவங்க சரியாக் கழுவலை, அதான் வீணாப்போச்சு."

இதைச் சொல்லும்போது இந்தமுறை குரல் தடுமாறவே இல்லை. அவரே பாதி நம்பத் தொடங்கியிருந்தார்.

நகைக்காரர் மேசை இழுப்பறையைத் திறந்தார். மடித்த காகிதப் பொட்டலம் ஒன்றை எடுத்துப் பிரித்து, உள்ளே பளபளத்த மோதிரத்தை அவர் முன்னால் வைத்தார்.

"ரெண்டு வருஷம் முன்னாடி உங்க வீட்டம்மா, அசலை எடுத்துப் பத்திரமா வெச்சுக்கிட்டு, செம்புல முலாம் பூசி இதே மாதிரி ரெண்டு செய்யச் சொல்லி, ஒண்ணை உங்க விரலுக்குக் கொண்டுபோனாங்க சார், 'ஒண்ணைத் தொலைச்சிட்டு எனக்குத் தெரியாம நேரா உங்ககிட்டதான் வருவாரு'ன்னு இதை அப்பவே என்கிட்ட கொடுத்துட்டுப் போனாங்க."