பேயிடமும் கையொப்பம் வாங்குகிறவர்

பேயைக் கண்டு பயப்படுகிறவர்கள் ஒரு வகை. பேயே இல்லை என்று அடித்துப் பேசிவிட்டு, பொழுதுபட்டதும் மட்டும் சுற்றுப்பாதையால் வீட்டுக்குப் போகிறவர்கள் இன்னொரு வகை. இந்த இரண்டு வகையையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். மூன்றாவதாக ஒரு வகை இப்போது வன்னியில் தலையெடுத்திருக்கிறது. இவர் பேயைத் தேடிப் போவார். போகும்போது கழுத்தில் அடையாள அட்டை தொங்கும், கக்கத்தில் கோப்பு இருக்கும், சட்டைப் பையில் மூன்று நிறத்தில் பேனை இருக்கும். காலை ஒன்பது மணிக்கு முன்னும் மாலை நான்கு மணிக்குப் பின்னும் கைத்தொலைபேசியை எடுக்கமாட்டார். பேய்கள் அலுவலக நேரத்தில் வரவேண்டும். வராவிட்டால் அது பேயின் ஒழுங்கீனம்.

இவர்தான் தொழில்முறைப் பேயாய்வாளர். சம்பளம் இல்லை. படிப்பு இல்லை. இன்றுவரை ஒரு பேயைக்கூடக் கண்டதில்லை. ஆனால் தொழில்முறை உண்டு.

கிளிநொச்சியில் கரடிப்போக்குச் சந்திக்குக் கிட்டப் போட்டோக்கொப்பிக் கடை வைத்திருக்கும் விஜிதரனைப் பாருங்கள். கொப்பி அடிக்கும் இயந்திரம், லமினேற் பண்ணும் இயந்திரம், சுருள்கம்பி போட்டுப் புத்தகம் கட்டும் இயந்திரம் எல்லாம் ஒரே மேசையில் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால், ஒரு மனிதன் எத்தனை காலத்துக்குத்தான் ஒரு நிறுவனத்தைத் தொடங்காமல் இருப்பான்? சனம் வராத ஒரு மழைநாள் பிற்பகலில் அவர் தன் படத்தை வெட்டி ஒட்டி, கீழே 'வன்னி அமானுஷ்ய ஆய்வு நிலையம் – முதுநிலை ஆய்வாளர்' என்று அச்சடித்து, லமினேற் பண்ணிக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். இளநிலை ஆய்வாளர் என்று எவரும் கிடையாது. அதனாலென்ன? ஒருவர் முதுநிலையாக இருக்க இன்னொருவர் இளநிலையாக இருந்துதான் ஆகவேண்டுமா?

அன்றிலிருந்து தொலைபேசியை எடுத்தால், "வணக்கம், அமானுஷ்ய ஆய்வு நிலையம், உங்களுக்கு என்ன உதவி செய்யலாம்?"

"நான் றஞ்சனி. வரேக்க ரெண்டு தேங்காய் வாங்கிக்கொண்டு வாங்கோ" என்பார் மனைவி.

"உங்கள் வேண்டுகோள் பதிவு செய்யப்பட்டது."

பதிவு செய்யப்படும். தேங்காய் வராது.

இந்த விஜிதரனைத் தேடித்தான் உருத்திரபுரத்திலிருந்து இராசமலர் வந்தார். ஐந்து ஏக்கர் வயலைத் தனியாளாக நின்று செய்கிற மனுசி. பேய் பிசாசென்று கதைத்துக்கொண்டிருக்க நேரமில்லாதவர். அவருக்கு வந்த சிக்கல் வேறு. ஒரே மகள் தேனுகாவை ஸ்கந்தபுரத்தில் கட்டிக்கொடுத்திருந்தார். மகளுக்கு எட்டாம் மாதம். தலைப்பிள்ளைப் பேறுக்குத் தாய்வீட்டுக்கு வரவேண்டும். வீட்டின் பின்னறைக்குப் புதிதாக யன்னல் வைத்து, வெளியில் நின்று பார்த்தால் முகம் தெரிகிற கண்ணாடி போட்டு, தடித்த திரையும் தொங்கவிட்டு எல்லாம் ஆயத்தம். அந்த அறையைப் பார்க்க வந்த சம்பந்தி கதிர்காமநாதன், இராசமலர் குசினிக்குள் தேநீர் போடும் நேரத்தில், வேர்த்து விறுவிறுத்து முற்றத்தில் நின்றார்.

"சம்மந்தி, அந்த அறைக்குள்ள ஏதோ தட்டுது. ஆக்கள் ஒருத்தரும் இல்லை. என்ர மருமகளை நான் இஞ்ச விடமாட்டன்."

விடமாட்டேன் என்றால் விடமாட்டார். மாதம் இரண்டாகிவிட்டது. வெளியாள் ஒருவர் வந்து பார்த்து, பேயில்லை என்று எழுதித் தந்தால் சம்பந்தியின் வாயை அடைக்கலாம் என்று நினைத்துத்தான் இராசமலர் கொப்பிக் கடைப்படியை ஏறினார். ஒரே ஒரு வரி. அதுதான் அவருக்கு வேண்டியிருந்தது.

ஒரு வரியா? நல்ல ஆளிடம் போய்க் கேட்டார்.

மறுநாள் காலை ஒன்பதரைக்கு முதுநிலை ஆய்வாளர் உருத்திரபுரத்தில் வந்திறங்கினார். வாசலில் நின்று, வாடிக்கையாளரின் நிலம் அழுக்காகக் கூடாதென்று சப்பாத்தின் மேல் பொலித்தீன் பைகளைக் கட்டிக்கொண்டார். கட்டிய கையோடு சீமெந்து நிலத்தில் வழுக்கிக் கதவைப் பிடித்துக்கொண்டார். பிறகு கதிரையில் அமர்ந்து, பதினொரு பக்கப் படிவத்தை விரித்தார்.

"தம்பி, அது வந்து, நான் என்ன நினைக்கிறனெண்டா..."

"பொறுங்கோ அம்மா. வாடிக்கையாளர் முன்முடிவு சொல்லக்கூடாது. ஆய்வு பழுதாப் போயிடும்."

"இல்லை, நான் என்ர கண்ணாலயே..."

"கண்ணால கண்டது ஏழாம் பக்கத்தில வரும். இப்ப நாங்கள் ரெண்டாம் பக்கம்."

இரண்டாம் பக்கத்தில் என்ன இருந்தது என்கிறீர்கள்? அமானுஷ்யத்தின் முழுப்பெயர் (தெரிந்தால்). நிரந்தர முகவரி. கிராம அலுவலர் பிரிவு. மேற்படி வீட்டில் தங்கியிருப்பது காணி உறுதியின் பேரிலா, அனுமதிப்பத்திரத்தின் பேரிலா, அத்துமீறியா?

"தம்பி, மருந்தடிக்கிற பெடியள் வயலுக்கு வந்து நிக்கிறாங்கள். கெதியாய் முடிப்பமே?"

"உங்கட அவசரம் எங்களுக்கு விளங்குது அம்மா. வாடிக்கையாளரின்ர மனநிலையை மதிக்கிறது எங்கட முதல் கொள்கை." சொல்லிவிட்டு அந்தக் கொள்கையையும் ஒருமுறை முழுமையாக வாசித்துக் காட்டினார். கொள்கைகள் மொத்தம் பதினாறு.

ஏழாம் பக்கம் வருவதற்குள் மணி பத்தைத் தாண்டிவிட்டது. அறைக்குப் போகும் நேரமாகிவிட்டதால் ஏழாம் பக்கம் பிற்போடப்பட்டது. இராசமலர் இன்னொரு தடவை வாயைத் திறந்தார். ஆய்வாளர் விரலை உதட்டில் வைத்துக் காட்டிவிட்டு, பின்னறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார்.

உள்ளே திரை இழுத்துவிட்டபடி இருந்தது. பகல் வெயில் எரிக்கிற நேரத்திலும் அறை மங்கலாகக் கிடந்தது. கொரோனாக் காலத்தில் வாங்கி மிஞ்சிய, நெற்றிக்கு நேரே பிடிக்கிற வெப்பமானியை நாலு சுவருக்கும் பிடித்தார். எந்தச் சுவருக்கும் காய்ச்சல் இல்லை. குறித்துக்கொண்டார். கைத்தொலைபேசியில் ஒலிப்பதிவைப் போட்டார். பிறகு, பேயும் ஒரு வாடிக்கையாளர்தானே, அதற்கும் ஒரு மரியாதை வேண்டாமா என்று அடையாள அட்டையை நேராக்கிக்கொண்டு தொடங்கினார்.

"வணக்கம். என்ர பேர் விஜிதரன். உங்களுக்கு இந்த வீட்டில ஏதேனும் குறைகள் இருந்தா நீங்கள் தாராளமாச் சொல்லலாம். உங்கட விபரங்கள் இரகசியமாப் பேணப்படும். ஓமெண்டா ஒருக்காத் தட்டுங்கோ. இல்லையெண்டா ரெண்டு தரம்."

டக்.

விஜிதரனின் மூன்று வருடத் தொழில்வாழ்க்கையில் எந்தப் பேயும் மறுமொழி சொன்னதில்லை. தொண்ணூற்றிரண்டு கேள்விகள் தயாராக இருந்தன, அத்தனையும் மறந்துபோயின.

"நீங்கள்... நீங்கள் செத்தவரோ?"

டக் டக் டக் டக் டக்.

ஐந்து தட்டுக்குப் படிவத்தில் இடமில்லை. அவர் யோசிப்பதற்குள், யன்னலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, கழுத்து நெரிபட்ட பிள்ளை கத்தியதுபோல ஒரு நீண்ட சத்தம் வந்தது.

அடுத்து நடந்ததை இராசமலர் கிணற்றடியில் நின்று கண்டார். பின்கதவு திறந்தது. கழுத்தில் அட்டையும் தோளில் பாதித் திரையும் காலில் பொலித்தீன் பைகளுமாக ஒருவர் வெளியே வந்தார், வாழைகளுக்குள்ளால் பாய்ந்தார், கோழிக்கூட்டைத் தாண்டினார், நீர் ஓடிக்கொண்டிருந்த வாய்க்காலுக்குள் இடுப்பளவில் இறங்கி, அங்கேயே கண்ணை மூடிக்கொண்டு நின்றார்.

இராசமலர் சிரிக்கவில்லை. நீங்களும் நானும் என்றால் சிரித்திருப்போம். அவர் துவாயோடு போய்க் கையைப் பிடித்து ஏற்றி, தலையைத் துவட்டி, அடுப்படியில் இருத்தி, பனங்கட்டித் துண்டோடு சுடச்சுடத் தேத்தண்ணி கொடுத்தார்.

"பயந்திட்டியளோ தம்பி?"

"இல்லை அம்மா. இது... அவசர வெளியேற்ற நடைமுறை." பல் தந்தியடித்தது.

"ஓம், ஓம். குடியுங்கோ. குடிச்சிட்டு இஞ்சாலை வாங்கோ."

வீட்டின் பின்மூலைக்குக் கூட்டிக்கொண்டு போய்ச் சுவரோரமாக எட்டிப் பார்க்கச் சொன்னார். புதுக் கண்ணாடி யன்னலின் வெளிக்கட்டின் மேல் ஒரு ஆண்மயில் நின்றது. கண்ணாடிக்குள் தெரிந்த மற்ற மயிலைப் பார்த்தது. கழுத்தை வளைத்து ஓங்கிக் கொத்தியது. டக். மற்றதும் திருப்பிக் கொத்த வந்ததைக் கண்டு ஆத்திரம் தாங்காமல், டக் டக் டக். பிறகு ஊருக்கே கேட்கும்படி அகவியது.

"இதைத்தான் தம்பி நான் காலமையில இருந்து சொல்ல வாறன். திரையை விலக்கினா பறந்திடும். நான் சம்மந்திக்குச் சொன்னா, மயில் அகவுமே தவிரக் கதவு தட்டாது எண்டு அந்தாள் சொல்லுது. இனி நீங்கள் ஒரு வரி எழுதித் தாங்கோ."

இந்த இடத்தில் சாதாரண மனிதன் என்ன செய்வான்? ஒரு தாளைக் கிழித்து, 'அது மயில்' என்று எழுதிக் கொடுப்பான். விஜிதரன் சாதாரண மனிதன் இல்லை.

மூன்றாம் நாள் அறிக்கை வந்தது. இருபத்திரண்டு பக்கம், சுருள்கம்பிக் கட்டு, முன்பக்கம் பின்பக்கம் பிளாஸ்ரிக் மட்டை. இராசமலர் அதை வாசிக்காமலே சேலைத் தலைப்பால் துடைத்து எடுத்துக்கொண்டு ஸ்கந்தபுரம் போனார். கதிர்காமநாதன் மூக்குக்கண்ணாடியைப் போட்டு முதல் எழுத்திலிருந்து வாசித்தார். கடைசிப் பக்கத்தில் அவருடைய முகம் மலர்ந்தது.

"கேளுங்கோ சம்மந்தி. 'அவ்விடத்தில் மயில் ஒன்று காணப்பட்டமை உறுதி. எனினும் அமானுஷ்யம் எதுவும் இல்லையெனத் திட்டவட்டமாகக் கூற இயலாது. மேற்படி மயிலினுள் வேறு ஏதேனும் புகுந்திருக்கும் சாத்தியம் இவ்வாய்வில் பரிசீலிக்கப்படவில்லை.' பாத்தியளோ? இவ்வளவு நாளும் ஒரு பேய்தான். இப்ப பேய் பிடிச்ச மயில்!"

இராசமலர் அறிக்கையை அங்கேயே விட்டுவிட்டு எழும்பினார். மறுநாள் காலை அவருடைய ஸ்கூட்டி கொப்பிக் கடைக்கு முன்னால் வந்து நின்றது. அடையாள அட்டைக் கொப்பி எடுக்க நாலைந்து பேர் வரிசையில் நின்றார்கள்.

"தம்பி, கடையைப் பூட்டுங்கோ."

"அம்மா, முறைப்பாடு இருந்தா அதுக்கொரு படிவம்..."

"ஏறுங்கோ பின்னால."

ஏறினார். அக்கராயன் வீதியில் ஸ்கூட்டி பறந்தது. முதுநிலை ஆய்வாளர் பின்னிருக்கையில் ஒரு கையால் கம்பியைப் பிடித்து, மறு கையால் காற்றில் படபடத்து முகத்தில் அடித்துக்கொண்டிருந்த தன் அட்டையைப் பிடித்தபடியே வழிநெடுக வந்தார்.

கதிர்காமநாதன் கதிரை கொடுத்தார். "தம்பி, நீங்கள் படிச்ச ஆள். ஒரு சொல்லில சொல்லுங்கோ. பேய் இருக்கோ, இல்லையோ?"

"ஐயா, அதை அப்பிடி ஒரு சொல்லில... கிடைச்ச சான்றுகளின்படி... மேலதிக ஆய்வொண்டு..."

உள்ளிருந்து தேனுகா வயிற்றைத் தாங்கிக்கொண்டு மெல்ல வந்து வாசற்படியில் நின்றாள். கையில் அந்த அறிக்கை.

"அண்ணை, இதில பன்ரெண்டாம் பக்கத்தில 'பத்து இருபத்திரண்டுக்கு ஆய்வாளர் அறையை விட்டு வெளியேறினார்' எண்டு கிடக்கு. ஏன் வெளியேறினீங்கள்?"

விஜிதரன் இராசமலரைப் பார்த்தார். இராசமலர் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் விஜிதரனுக்கு உறைத்தது. இந்த மனுசி சொல்லவில்லை. வாய்க்கால் கதையை ஒருவருக்கும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அன்றைக்கே சம்பந்தியைச் சிரிக்கவைத்து மகளைக் கூட்டிக்கொண்டு போயிருக்கலாம். தன் பதினாறு கொள்கைகளில் வாடிக்கையாளரின் மானத்தைக் காப்பது ஐந்தாவதோ ஆறாவதோ. ஆய்வாளரின் மானத்தை வாடிக்கையாளர் காப்பார் என்று எந்தக் கொள்கையிலும் எழுதியிருக்கவில்லை.

அட்டையைக் கழற்றி மடியில் வைத்தார்.

"ஓடினனான் தங்கச்சி" என்றார். "மயில் கண்ணாடியில தட்டினது. நான் பேயெண்டு நினைச்சுத் திரையையும் இழுத்துக்கொண்டு ஓடி வாய்க்காலுக்க விழுந்தனான். அம்மாதான் வந்து தூக்கினவா. அது மயில்தான். பேயுமில்லை, ஒண்டுமில்லை."

கதிர்காமநாதன் அவரை உற்றுப் பார்த்தார். உதடு துடித்தது. பிறகு வயிறு குலுங்கியது. மூக்குக்கண்ணாடி மடியில் விழுந்ததும் தெரியாமல் சிரித்தார்; சிரிப்பு அடங்கும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்.

"வாய்க்கால் மட்டும்தானே ஐசே? நான் அண்டைக்கு வேலி பாஞ்சனான். இந்த வயசில. வேட்டி கம்பியில மாட்டுப்பட்டு... மயிலுக்குப் பயந்து ஓடினவன் எண்டு ஆர் சொல்லுவான்? அதாலதான் பேயாயே இருக்கட்டும் எண்டு விட்டிட்டன்."

"தெரியும் சம்மந்தி" என்றார் இராசமலர். "நான் குசினி யன்னலால கண்டனான்."

"கண்டனீங்களோ? ரெண்டு மாதமா ஏன் வாய் திறக்கேல்ல?"

"என்னெண்டு திறக்கிறது? என்ர பிள்ளை உங்கட வீட்டிலயெல்லோ இருக்கிறாள்."

கதிர்காமநாதன் எழுந்து, மருமகளின் உடுப்புப் பையைத் தானே தூக்கிக்கொண்டு வந்து, ஓட்டோவுக்கு ஆளனுப்பினார்.

அடுத்த மாதம் தேனுகாவுக்குப் பெண்பிள்ளை பிறந்தது. தாயும் பிள்ளையும் அந்தப் பின்னறையில்தான். மயிலுக்காக இராசமலர் கண்ணாடிக்கு வெளிப்பக்கம் உரச்சாக்கு ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டார். அது கோபித்துக்கொண்டு பக்கத்து வளவுக்குப் போய்விட்டது. பிள்ளை பார்க்க வந்த விஜிதரன் அட்டை போடாமல் வந்தார், ஒரு வரி பேசினார், "நல்ல பிள்ளை." அவ்வளவுதான். றஞ்சனிக்கு அன்றைக்குத் தேங்காயும் கிடைத்தது.

திருந்திவிட்டார் என்று நினைக்கிறீர்களா? பூவரசங்குளத்தில் ஒரு கிணற்றுக்குள் ஏதோ முனகுகிறதாம். போன கிழமை அழைப்பு வந்தது. படிவம் இப்போது பதினான்கு பக்கம்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். பேய்க்கும் உங்களுக்கும் சம்பந்தமில்லை, கழுத்தில் அட்டையும் இல்லை, சிரிக்கலாம். ஆனால் ஒன்று கேட்கிறேன். அலுவலகத்தில் ஒருவர் வந்து 'என்ர அலுவல் முடிஞ்சுதோ' என்று கேட்டபோது, 'உரிய நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகிறது' என்று சொன்னது யார்? வீட்டில் 'கறிக்கு உப்புக் காணுமோ' என்று கேட்டதற்கு, 'போன கிழமையோட ஒப்பிட்டுப் பாக்கேக்க...' என்று தொடங்கியது யார்? ஓம் அல்லது இல்லை என்று ஒரு சொல் போதுமாயிருந்த இடத்தில், அந்தச் சொல்லைத் தவிர மற்ற எல்லாச் சொல்லையும் சொல்லிவிட்டு வந்தது யார்?

அது நானில்லை என்று சொல்லத்தானே இப்போது தொண்டையைச் செருமுகிறீர்கள்? செருமுங்கள். இங்கே எனக்கு நன்றாகக் கேட்கிறது.