‘ஙிர்ர்ர்’ருக்கு யார் பொறுப்பு?

உலகத்தில் பாட்டுக்காரர்கள் உண்டு. பாட்டே வராதவர்களும் உண்டு. இருவருக்கும் நடுவில், ‘இந்தக் கருவி மட்டும் சரியாக இருந்தால் பாட்டு தானே கொட்டும்’ என்று திருப்புளியோடு உட்கார்ந்திருக்கும் ஓர் இனம் உண்டு. நம் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் அந்த இனத்தின் தலைமகன்.

அவரிடம் இருப்பது வால்வு வைத்த மவுத் ஆர்கன். உள்ளே பித்தளை நாக்குகள். காற்று வீணாகாமலிருக்க அவற்றின் துளைகள்மேல் கொசு இறக்கை மாதிரி பிளாஸ்டிக் பட்டைகள்; அவைதான் வால்வு. கொஞ்ச நேரம் கையில் பொத்திச் சூடாக்கி, இதமாக ஊதினால் குழையும். இவரோ அது ஜில்லென்று இருக்கும்போதே அடுப்பு ஊதுகிற மாதிரி ஊதுவார். பட்டை ஈரம் கோத்து ஒட்டிக்கொண்டு “ஙிர்ர்ர்” என்னும். போதாதா? கண்ணாடிக்குக் கால் மாட்டுகிற குட்டித் திருப்புளியால் மூடியைக் கழற்றி, துடைத்து, முறைத்து, மூடி, மறுபடி ஊதி, மறுபடி “ஙிர்ர்ர்” கேட்டு, மறுபடி கழற்றி... பாட்டா? அது எங்கே நடந்தது!

“மெதுவா ஊதுங்களேன். உங்க நாக்கு அடங்கினா அதோட நாக்கும் அடங்கும்” என்பாள் மனைவி.

“உனக்கென்ன தெரியும்? வால்வு சரியில்லம்மா.”

அந்த அம்மாள் பள்ளிக்கூடத் தலைமையாசிரியை. ஓய்வு பெறுகிற விழாவுக்கு அவள் கணவனிடம் கேட்டது ஒன்றே ஒன்று: கல்யாணமான புதிதில் வாசித்துக் காட்டிய அந்த மெட்டு. முழுசாக, ஒரே ஒரு தடவை.

விழா நாள். மேடைக்குப் பின்னறை. இன்னும் ஒரு பேச்சாளர்தான் பாக்கி. மனிதர் சும்மா இருப்பாரா? கழற்றினார். தலைக்கு மேலே மின்விசிறி. ஒரு பட்டை பறந்தே போயிற்று!

மேசைக்கடியில் தவழ்ந்துகொண்டிருந்தவரை மனைவி வந்து பார்த்தாள்.

“என்னங்க இது?”

“வால்வு... பறந்துடுச்சு.”

“அது கொடுத்து வச்சது, தப்பிச்சுடுச்சு. மூடிட்டு வாங்க.”

மேடை ஏறினார். மிச்சப் பட்டைகளும் பறந்துவிடாமலிருக்க, பேச்சு முடியும்வரை கருவியை இறுகப் பொத்திக்கொண்டு நின்றார். பட்டை போன ஓட்டைவழியே மூச்செல்லாம் ஒழுகிவிடுமே என்ற பயத்தில், தூங்குகிற குழந்தையின் நெற்றியில் ஊதுவதுபோல ஊதினார். மெட்டு முழுசாக வந்தது. ஒரு ஸ்வரம் லேசாக இளைத்ததே தவிர, “ஙிர்” என்ற பேச்சே இல்லை. மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மனிதர் திருந்தியிருப்பார் என்கிறீர்களா? இறங்கி வந்ததும் அவள் காதில் சொன்னார்:

“நான் அப்பவே சொல்லல? கோளாறு வால்வுலதான். நாளைக்கு மிச்சத்தையும் பிடுங்கிடறேன்.”

சிரித்தீர்களா? நல்லது. சிரிப்பு வரவில்லையா? ‘எழுதினதில்தான் ஏதோ கோளாறு’ என்று இப்போது முணுமுணுத்ததே ஓர் உதடு, அது யாருடையது?