லெட்சுமியின் கால்களும் சந்தேக மண்டோரும்

மலேசியாவின் நெகிரி செம்பிலானில் பிறந்தவர்களிலேயே எதையும் நம்பாதவர் யார் என்று ஒரு போட்டி வைத்தால், எங்கள் சந்தேக மண்டோர்தான் முதலில் வருவார். வந்த பிறகு பரிசு கொடுத்தவரை ஓரமாகக் கூப்பிட்டு, "மத்தவனெல்லாம் ஏன்யா தோத்தான்? என்ன உள்குத்து?" என்று விசாரிப்பார். திருவிழாவில் பால்குடம் தூக்கி வந்தவர்களை நிறுத்தி, பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று விரல் விட்டுப் பார்த்த புண்ணியவான். ரத்த அழுத்தம் பார்க்க வந்த நர்ஸிடம், "மொதல்ல உன் கையில கட்டிக் காட்டும்மா, மெஷின் ஒழுங்கான்னு பாப்போம்" என்றவரும் அவரே. அவருடைய சொந்தப் பெயர் எங்கள் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணியாக இருந்த எனக்கே மறந்துவிட்டது.

கோலா சாவா பக்கத்தில் இருந்த எங்கள் தோட்டத்தில், ரப்பர் காலத்தில் அவர் பால்வெட்டு வேலையை மேற்பார்க்கும் மண்டோர். ஆட்கள் பாலுக்காக மரப்பட்டையைக் கீறி வெட்டிவிட்டுப் போன பிறகு பின்னாலேயே போவார். பட்டையில் விரலை வைத்து, அது இன்றைக்கு வெட்டியதா, நேற்றைய வெட்டைக் காட்டி ஏமாற்றுகிறார்களா என்று பார்ப்பார். திருப்தியானால் "சரி" என்பார். அவ்வளவுதான். அந்த ஒரு சொல்லை வாங்கியவர்கள் அன்றைக்கு வீட்டில் கோழி அடிப்பார்கள். ரப்பர் போய், எண்ணெய் எடுக்கும் செம்பனை வந்தது, மண்டோரும் வேலையிலிருந்து நின்றார். பின்னால் போய்ப் பார்க்கும் பழக்கம் மட்டும் நிற்கவில்லை.

அப்போதுதான் லெட்சுமி அக்கா நடக்க ஆரம்பித்தார்.

லெட்சுமி அக்கா செம்பனைக் காட்டில் உதிர்ந்த பழம் பொறுக்குகிறவர். பேரன் எடுத்த வயது. சிரம்பானில் யாரோ நடத்திய குடும்ப தின நடையில், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இளசுகளையெல்லாம் தாண்டிப் போய்விட்டார். அதைப் பார்த்த ஒரு சீனப் பயிற்சியாளர் விடவில்லை. மூத்தோருக்கான வேகநடைப் போட்டியில் சேர்த்துவிட்டார்.

"நடக்குறதுக்கு மெடலா? அப்ப நம்ம தபால்காரனுக்கு எத்தனை குடுக்கணும்?" என்று தோட்டமே சிரித்தது. மண்டோர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் விதிமுறையைக் கேட்டார். எந்த நேரமும் ஒரு கால் தரையில் இருக்க வேண்டும், இரண்டு காலும் தரையை விட்டால் அது ஓட்டம், தப்பு என்று நான் விளக்கினேன். மனிதருக்கு முகமே மலர்ந்துவிட்டது. கள்ளத்தனம் பண்ணுவதற்கென்றே ஒரு விளையாட்டைக் கண்டுபிடித்திருக்கிறார்கள் என்றால், அதைப் பிடிப்பதற்கும் ஒருவர் வேண்டாமா?

மறுநாள் காலையிலிருந்து செம்மண் ரோட்டில் லெட்சுமி அக்கா முன்னால், மண்டோர் மோட்டார் சைக்கிளில் பின்னால். தலை குனிந்து, கண் முழுக்க அக்காவின் பாதத்தில்.

"தூக்கிட்ட!"

"இல்ல மாமா!"

"நான் பாத்தேன்லா! ரெண்டு காலும் அந்தரத்துல!"

"உங்க கண்ணுதான் மாமா அந்தரத்துல!"

மழை பெய்த மறுநாள் இன்னும் மோசம். மோட்டாரை நிறுத்திவிட்டு, குந்தி உட்கார்ந்து, அக்காவின் காலடித் தடத்தில் விரல் வைத்து ஆழம் பார்ப்பார். பட்டையைப் பார்த்த அதே விரல். "குதிகால் நல்லாப் பதியல. இங்க ஓடியிருக்கா" என்று எனக்குத் தீர்ப்புச் சொல்வார். ஒருநாள் அக்காவின் பாதத்தையே பார்த்துக்கொண்டு போய், மோட்டாரோடு லோங்காங்கில் விழுந்தார். அக்கா அலறிக்கொண்டு திரும்பி வந்து கை கொடுத்தால், சாக்கடைச் சேற்றிலிருந்து மனிதர் சொன்ன முதல் வார்த்தை: "நான் விழுந்த கேப்புல நீ ஓடியிருப்ப!"

இரண்டு வருஷம் இந்தக் கூத்து. அதற்குள் அக்கா மாநிலத்தைத் தாண்டி, நாட்டுக்காக நடக்கத் தேர்வானார். பல நாட்டு மூத்தோர் கலந்துகொள்ளும் போட்டி, அந்த முறை நம் நாட்டிலேயே. கொடி பதித்த சட்டை வந்ததும் மண்டோரிடம்தான் கொண்டுபோய்க் காட்டினார். அவர் கொடியின் கோடுகளை எண்ணிப் பார்த்தார். சாயம் போகுமா என்று எச்சில் தொட்டுத் தேய்த்தும் பார்த்தார்.

"மாமா, இவ்ளோ நாளாப் பாக்குறீங்க. ஒரு தடவை சரின்னு சொல்லுங்களேன்" என்றார் அக்கா. "இந்தக் கொடியப் போட்டுக்கிட்டு, கள்ளத்தனம் பண்ணிட்டான்னு வெளிய அனுப்புனாங்கன்னா, நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுத் தோட்டத்துக்கு வருவேன்?"

"மொதல்ல வேலை முடியட்டும்" என்றார் மண்டோர். கல்நெஞ்சக்காரர்.

போட்டியன்று வேன் பிடித்துப் போனோம். வந்ததும் வராததுமாக மண்டோருக்குச் சந்தேகம். "ஏன் ஒரே ரோட்டுலயே சுத்த விடுறான்? அந்தப் பக்கம் என்ன மறைக்கிறான்?" பிறகு நடுவர்களைப் பார்த்தார். குனிந்து, கண்ணைச் சுருக்கி, நடக்கிறவர்களின் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "அட, மண்டோருங்க!" என்று பூரித்துப்போய், ஒரு நடுவருக்குப் பக்கத்தில், வேலிக்கு இந்தப் பக்கம் அவரும் குனிந்து நின்றுகொண்டார்.

கடைசிச் சுற்று. அக்கா மூன்றாவது இடம். ஆனால் நடுவர்களின் பலகையில் அவர் எண்ணுக்கு நேரே, கால் தூக்கியதற்காக இரண்டு சிவப்புக் குறி. மூன்றாவது விழுந்தால் வெளியே. பின்னால் ஒரு வெளிநாட்டுக்காரம்மா நெருங்குகிறார். கூட்டம் முழுக்க "மலேசியா! மலேசியா!" என்று கத்துகிறது. அந்தச் சத்தத்தில் அக்காவுக்கு வேகம் ஏறியது. நான் பலகையையே பார்த்தேன்.

"லெட்சுமி! தூக்குற!"

கூட்டமே திரும்பிப் பார்த்தது. "என்னா அங்கிள், நம்ம ஆளையே காட்டிக் குடுக்குறீங்க?" என்று ஒரு பையன் சண்டைக்கு வந்தான். மண்டோர் நிறுத்தினால்தானே? "தூக்குறடி! தூக்குற!" என்று இன்னும் கத்தினார். காவலாளி வந்து, "பாக்சிக், வெளிய போங்க" என்று மலாயில் சொல்லித் தோளைப் பிடித்து நடத்திக்கொண்டு போனார்.

ஆனால் அக்காவின் காதில் விழுந்துவிட்டது. தினமும் காலையில் விழுகிற குரலாயிற்றே. பாதம் தரைக்கு இறங்கியது, வேகமும் இறங்கியது. வெளிநாட்டுக்காரம்மா தாண்டிப் போனார். போச்சு என்று நான் தலையில் கை வைத்தேன். கொஞ்ச தூரத்தில் ஒரு நடுவர் ஓடிப்போய் அந்த அம்மாவைத் தடுத்து நிறுத்தினார். அவருக்கு மூன்றாவது சிவப்பு. எங்கள் லெட்சுமி அக்காவுக்கு வெண்கலம்.

கொடி ஏறியதை மண்டோர் பார்க்கவில்லை. கார் நிறுத்துமிடத்தில், வேனில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் ஒருவன் கூட்டாளியிடம், "சொந்த நாடுலா, அதான் ஜட்ஜ் கண்டுக்கல. அந்த வெண்கலம் வாங்குன பொம்பள ஓடுனதுதான்" என்று சொல்லிக்கொண்டிருந்தானாம்.

நான் அக்காவை அழைத்துக்கொண்டு அங்கே போய்ச் சேர்ந்தபோது, மண்டோர் அவன் சட்டையைப் பிடித்திருந்தார்.

"யாருடா ஓடுனது? நீ பாத்தியா? ரெண்டு வருசம் பின்னாலயே போனவன் நான்! லோங்காங்குல விழுந்தவன் நான்! அவ ஒரு அடி ஓடுனதில்ல. மண்டோர் சொல்றேன்டா. சரியா இருக்கு. எல்லாம் சரி!"

லெட்சுமி அக்கா அப்படியே நின்றுவிட்டார். பிறகு விம்மிக்கொண்டே மெடலைக் கழற்றி அவர் கையில் வைத்தார். மண்டோர் அதை வெயிலில் திருப்பிப் பார்த்து, நகத்தால் சுரண்டி, "வெண்கலந்தானா?" என்றார். கண்ணிரண்டும் நிறைந்து வழிந்தன.

"கண்ணுல தூசு" என்றார்.

நான் அவரைச் சந்தேகப்பட்டது அந்த ஒரு முறைதான்.