பலாமரத்துப் பந்தயமும் லாட பாயும்

குதிரைப் பந்தயத்தில் ஜெயிப்பது குதிரைதான் என்று நான் வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன். அப்படியில்லை, அது புறப்படுகிற இடம்தான் ஜெயிக்கிறது என்று எனக்கு எடுத்துச் சொன்னவர் லாட பாய். கொல்லிமலையில் நாடு என்று சொல்லும் பதினான்கு ஊர்த்தொகுதிகளிலும் அவரளவு உறுதியாகப் பேசக்கூடியவர் கிடையாது. சரியாகப் பேசினாரா என்பது வேறு விஷயம்.

வெள்ளைக்காரன் காலம். சோளக்காட்டுப் பக்கம் ஒரு காப்பித் தோட்டத்தில் நான் குடோன் குமாஸ்தா. அங்கே பொதி சுமக்கும் ஆறு மட்டக்குதிரைகளுக்கு லாடம் அடிப்பவர் பாய். ஒருநாள் தோட்டத்துத் துரை, ஐந்து குதிரை போதும் என்றார். எதை விற்பது? பந்தயம் விட்டு, கடைசியில் வருவதை விற்பதாம்.

ஆறிலும் கிழடு பவளம். குட்டியிலிருந்து பாய் கையாலேயே லாடம் போட்டுக்கொண்ட பெட்டைக்குதிரை. அதன்மேல் ஏற அவர் பிடித்தது என்னை. வீரத்துக்காக அல்ல, தோட்டத்திலேயே எடை குறைந்த ஆள் நான்தான்.

மைதானத்துப் பலாமரத்தைச் சுற்றி வரவேண்டும். பாய் மூன்று நாள் கயிறு பிடித்து அளந்தார்.

"தம்பி, மரத்துப் பக்கம் மொத எடம். அங்க நின்னா கழுத கூட ஜெயிக்கும். ஆறாவதுல நின்னா வட்டம் பெருசு, தொலைஞ்சோம்."

"ஆறாவது வந்துட்டா?"

"வராது. துவா பண்ணியிருக்கேன்."

பலா இலைகளில் புள்ளி வைத்துக் குலுக்கினார்கள். என் இலையில் ஆறு புள்ளி. பதறிப்போய் மறுபடி எண்ணினேன். ஏழு வந்தது.

பாய் முகம் வெளுத்துவிட்டது. பவளத்தின் காதில் ஏதோ முணுமுணுத்தார்.

"என்ன சொன்னீங்க பாய்?"

"உன்னைய நம்பவேணாம்னு சொன்னேன்."

புறப்படும் இடத்தில் குறுக்கே பிடித்திருந்த கயிறு விழுந்தது. நான் கண்ணை இறுக மூடி, பிடரிமயிரைப் பற்றி, தெரிந்த சாமியை எல்லாம் கூப்பிட்டேன். குலுங்கலே இல்லை. செத்துவிட்டேனோ என்று நினைத்தபோது பின்னால் வந்த குதிரைமேலிருந்து தோட்டத்து மேஸ்திரியின் குரல்.

"ஏனுங்க குமாஸ்தா, கொஞ்சம் வெரசாப் போங்க. இது உங்களத் தாண்டமாட்டேங்குது."

திரும்பிப் பார்த்தேன். முதலிடத்தில் நின்றது உட்பட ஐந்து குதிரைகளும் எங்களுக்குப் பின்னால், ஒன்றன்பின் ஒன்றாக. மேலே இருந்தவர்கள் உதைத்தார்கள், திட்டினார்கள், கெஞ்சினார்கள். பவளம் சாவகாசமாக நடந்தது.

ஓரத்தில் நின்ற, பொதிக்குதிரைகளை ஓட்டும் குண்டனி நாட்டுக்காரர் சொன்னார்: "தெனமும் ஒத்தையடிப் பாதையில பவளந்தானுங்க முன்னால போகும். முந்துனா பள்ளத்துல விழணும்னு மத்ததுக்குத் தெரியுங்க."

"முன்னாடியே சொல்றதுக்கென்ன?" என்றேன்.

"யாருங்க கேட்டீங்க?"

பாய் தன் அளவுக் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு ஓடிவந்தார். "பாத்தியா, ஆறாவது எடந்தான் ராசின்னு நான் அப்பவே சொல்லல?"

துரை சிரித்த சிரிப்பில் விற்கிற பேச்சே போய்விட்டது. ஆறு குதிரைகளும் மலையிலேயே இருந்தன. பாய் மண்டிபோட்டு, பவளத்தின் நான்கு குளம்புகளையும் ஒவ்வொன்றாகத் தூக்கித் தன் மேல்துண்டால் துடைத்தார். அந்த வேகத்தில் என் இரண்டு கால்களையும் துடைத்துவிட்டார்.