அண்ணன் அனுப்பிய மாவு

அன்புள்ள தங்கைக்கு அண்ணன் எழுதுவது. இங்கு எல்லோரும் நலம், என் மருமகளின் நாக்கு உட்பட. அங்கே மாப்பிள்ளையும் மகளும் பல் முளைக்கும் உன் பேரனும் நலமாயிருக்க வேண்டும்.

போன வாரம் அவனுக்காக நான் அனுப்பிய தானிய மாவைக் கொடுக்கக் கூடாது என்று என் மருமகள் உனக்குப் போன் செய்தாளாமே. நம்பாதே. தைரியமாகக் காய்ச்சிக் கொடு. அவள் உணவுச் சோதனைக்கூடத்தில் வேலை பார்ப்பவள், கண்டதெல்லாம் அவளுக்கு விஷம். நான் முப்பது வருஷம் இன்சூரன்ஸ் விற்றவன், ஆபத்து எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியாதா?

நடந்தது இதுதான். கடை டப்பாவில் என்னத்தைக் கலக்கிறானோ என்று நானே மக்காச்சோளமும் கோதுமையும் வேர்க்கடலையும் வாங்கினேன். மூட்டை மழையில் கொஞ்சம் நனைந்திருந்தது, அதனால்தான் மலிவு. கழுவிப் போட்டேன், காய்வதற்குள் வெயில் போய்விட்டது, பூச்சி வந்துவிடக் கூடாதே என்று பிளாஸ்டிக் டிரம்மில் கொட்டிக் காற்றுப் புகாமல் இறுக மூடினேன். பத்து நாள் கழித்துத் திறந்தால் மேலாகப் பச்சையாய்க் கொஞ்சம் பூஞ்சை, அவ்வளவுதான். துணியால் துடைத்தேன், கறுத்ததைப் பொறுக்கினேன், பொறுக்கி மாளவில்லை, மீதியை அப்படியே வறுத்துவிட்டேன். எதிர்வீட்டுக்காரர் புகையைப் பார்த்து வாளித் தண்ணீரோடு ஓடிவந்து, அடுப்பை விட்டுவிட்டு என் தலையில் ஊற்றினார், அது தனிக்கதை. மாவு மில்காரர், "சார், ஒரு மாதிரி வாடை வருதே" என்றார். "சத்துன்னா அப்படித்தான்யா வரும்" என்றேன். வீட்டுக்கு வந்து ஏலக்காயைத் தட்டிப் போட்டதும் வாடை போயே போச்சு.

மருமகள் மாவைப் பார்க்கவில்லை, டிரம்மைத்தான் எட்டிப் பார்த்தாள். "மாமா, வறுத்ததுல பூஞ்சைதான் செத்துச்சு. அது விட்ட விஷம் போகாது. ஈரலைத்தான் பிடிக்கும், பிஞ்சு உடம்பு தாங்காது" என்றாள். நான் விடுவேனா? "கடை மாவுலயும் இதே விஷம் இருக்குன்னு நீங்க திருப்பி அனுப்பறதில்லையா?" என்று மடக்கினேன். "அதைத் திருப்பி அனுப்ப ஒரு ஆபீசே இருக்கு மாமா. உங்க மாவைத் திருப்பி அனுப்ப நான் ஒருத்திதான் இருக்கேன்" என்கிறாள். ஒன்று சொன்னால் ஒன்பது சொல்கிறாள். போனில் பேசினால் அவள் காதில் விழும், அதனால்தான் கடிதம்.

ஆகவே பயம் வேண்டாம். காலையில் ஒரு கிண்ணம், மாலையில் ஒரு கிண்ணம். பெரியவர்களுக்கு என் வணக்கம், சின்னவர்களுக்கு ஆசி, பேரன் கன்னத்துக்கு ஒரு கிள்ளு.

இப்படிக்கு,
உன் நலமே நாடும் அண்ணன்

பி.கு.: உறையில் போடுவதற்குள் மருமகள் இதைப் படித்துவிட்டாள். சண்டை போடவில்லை. என் பேத்தியைத் தூக்கிவந்து என் மடியில் உட்காரவைத்தாள். உனக்கு அனுப்பியது போக மீதியிருந்த அதே மாவைக் காய்ச்சிக் கிண்ணத்தை என் கையில் கொடுத்து, "தங்கச்சி பேரனுக்கு ரெண்டு வேளைன்னா, உங்க பேத்திக்கு ஒரு கரண்டியாவது ஊட்டுங்க மாமா" என்றாள். கரண்டியைப் பிடுங்கும் தூரத்திலேயே நின்றாள். குழந்தை என்னைப் பார்த்து ஆவென்று வாயைத் திறந்தது. எனக்குக் கை வரவில்லை, தங்கச்சி. நீயும் கொடுக்காதே. கோழிக்கும் போடாதே. போன் போட்டுக்கொண்டே இருக்கிறேன், நீ எடுக்க மாட்டேன் என்கிறாய். ஏற்கெனவே கொடுத்திருந்தால் உடனே டாக்டரிடம் தூக்கிப் போ. இதை யார் கொடுத்தது என்று அவர் கேட்டால் என் பெயரையே சொல்.