இடது தோள் மிஸ்ஸுக்கு, வலது தோள் குகன் அண்ணைக்கு

வைத்தியரிடமும் வழக்கறிஞரிடமும் பொய் சொல்லக்கூடாது என்பார்கள். வழக்கறிஞரிடம் போகவேண்டிய தேவை எனக்கு இதுவரை வரவில்லை. ஆகவே என் பொய்கள் எல்லாம் மற்றப் பக்கத்திலேயே சேர்ந்துவிட்டன.

நாலு வருடங்களுக்கு முன், ஐம்பத்திரண்டாவது வயதில், என் இரண்டு தோள்மூட்டுகளும் ஒன்றாக இறுகிப்போயின. கை நெஞ்சு உயரம்வரை வரும், அதற்கு மேலே போகாது. சேட்டுப் போட மனைவியின் உதவி வேண்டும். பள்ளிக்கூடத்தில் கரும்பலகையின் கீழ்ப்பாதியில் மட்டும் இரசாயனம் படிப்பித்தேன். (கடைசி வரிசை வாங்குகளில் இருந்த பிள்ளைகள் அந்தத் தவணை என்ன படித்தார்கள் என்று நான் விசாரிக்கவில்லை.)

"சீனி வருத்தம் இருக்கிறவைக்கு உது வாறதுதான்" என்று சொல்லி, டொக்டர் பிசியோதெரபிக்கு எழுதித் தந்தார்.

அங்கே இருந்த மிஸ் என்னைக் கண்டதும் எழுந்து நின்றார். தர்ஷினி. என்னிடம் உயர்தரம் படித்த பிள்ளை. வீட்டுவேலை செய்யாததற்காக அவரை ஒரு பாடவேளை முழுவதும் கையைத் தூக்கியபடி நிற்கவைத்திருக்கிறேன்.

"சேர், கையைத் தூக்குங்கோ."

"இவ்வளவுதான் பிள்ளை ஏலும்."

"நான் பிடிக்கிறன். மூச்சை விட்டுக்கொண்டு தூக்குங்கோ."

தூக்கினார். என்னிடமிருந்து வந்த சத்தத்தைக் கேட்டு, வெளியே காத்திருந்த ஒருவர் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டதாகப் பின்னர் அறிந்தேன்.

"கொஞ்சம் நோகும் சேர். ஒரு நாளைக்கு மூண்டு தரம் சுவரிலை விரலாலை மேலை மேலை ஏறுங்கோ. விடாமல் செய்தால்தான் மூட்டு இளகும்."

அவர் பழிவாங்கவில்லை என்றே இன்றும் நம்புகிறேன்.

அந்தக் கிழமைதான் கொழும்புத்துறைக் குகன் அண்ணையைப் பற்றிக் கேள்விப்பட்டேன். இருபது வருடம் சுவிஸில் இருந்துவிட்டு வந்தவர். மெல்லத் தொட்டே நோவாற்றும் ஒரு முறையை அங்கே பழகியிருந்தார். அமுக்கமாட்டார், முறிக்கமாட்டார், எண்ணெய் பூசமாட்டார். சேட்டைக்கூடக் கழற்றத் தேவையில்லை.

முன்னறையில் ஒரு கட்டில். போனில் அலையோசை ஓடிக்கொண்டிருந்தது. அவர் வீட்டுக்குப் பின்னால் கடல்தான், ஆனால் அந்தக் கடலில் அலை எழும்புவதில்லை. ஆகவே கடலே இல்லாத நாட்டிலிருந்து அலையைக் கொண்டுவந்திருந்தார்.

"நான் என்ன செய்யவேணும் அண்ணை?"

"ஒண்டும் செய்யாதேங்கோ. உடம்புக்குத் தெரியும்."

குருவி முட்டையை எடுப்பவர்போல என் தோளுக்குக் கீழே இரண்டு விரல்களை வைத்தார். வைத்தபடியே இருந்தார். மாதக்கணக்காக வராத நித்திரை பத்தே நிமிடத்தில் வந்துவிட்டது. என் குறட்டையில் அலை கேட்கவில்லை என்று பிறகு சொன்னார்.

இந்த இடத்தில்தான் எனக்குள் இருந்த விஞ்ஞான ஆசிரியர் எழும்பினார். அவர் எழும்பியிருக்கத் தேவையில்லை. இரண்டு வைத்தியத்தையும் ஒரே தோளுக்குச் செய்தால், எது சுகப்படுத்தியது என்று எப்படித் தெரியும்? கடவுள் எனக்கு இரண்டு தோள் தந்து, இரண்டையும் ஒன்றாகப் பழுதாக்கியும் தந்திருந்தார். இப்படியொரு ஆய்வுகூடம் யாருக்குக் கிடைக்கும்? இடது தோளைத் தர்ஷினி மிஸ்ஸுக்கும் வலது தோளைக் குகன் அண்ணைக்கும் ஒதுக்கினேன்.

"வலது தன்பாட்டிலை சுகமாகிட்டுது பிள்ளை" என்று மிஸ்ஸிடம் சொன்னேன். "இடது இப்ப நல்லம் அண்ணை" என்று குகன் அண்ணையிடம் சொன்னேன். மனைவியிடம், கொழும்புத்துறையில் ரியூசன் என்றேன். சேர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று தர்ஷினி நம்பிவிட்டார். ஆசிரியத் தொழிலின் ஆபத்துகளில் இதுவும் ஒன்று.

ஆறு கிழமையில் முடிவு தெரிந்தது. இடது கை தலைக்கு மேலே போனது, ஆனால் போகும்போது உயிரும் கூடவே போனது. வலது தோளில் நோவே இல்லை, ஆனால் கை நெஞ்சைத் தாண்டவில்லை. இரண்டு வைத்தியமும் வென்றிருந்தன. நோயாளி மட்டும் தோற்றிருந்தார்.

அப்போது சண்டிலிப்பாயில் எங்கள் ஊர்க் கோயில் திருவிழா. அன்றைய உபயம் எங்கள் குடும்பத்தினுடையது. ஆகவே வேட்டியோடு, மேல்சட்டை இல்லாமல், சாமிக்கு நேர் முன்னே நின்றேன். இடது தோளில் தர்ஷினி மிஸ் ஒட்டிவிட்ட நீலப் பட்டி இருந்தது.

திரை விலகியது. "அரோகரா" என்று எல்லாருடைய கைகளும் தலைக்கு மேலே போயின. என்னுடையதும் போயின. அதாவது, ஒன்று போனது. நோவில் முகம் ஒரு பக்கம் கோணி, "முருகா" என்றேன்.

பக்கத்தில் நின்ற பெரியவர் என்னை உற்றுப் பார்த்தார். "மாஸ்டருக்குப் பாரிசவாதம், ஒரு பக்கம் இழுத்திட்டுது" என்றார்.

அவ்வளவுதான். நாலு பேர் சேர்ந்து என்னை நிலத்தில் கிடத்தினார்கள். நாதஸ்வரம் நின்றது. தவில் இன்னும் இரண்டு அடி அடித்துவிட்டு நின்றது. பெண்கள் பக்கத்திலிருந்து ஓடிவந்து என் அருகில் முழந்தாளிட்டவர் தர்ஷினி மிஸ். அவர் கலியாணம் கட்டியது அந்த ஊரில்.

"சேர், சிரியுங்கோ."

பாரிசவாதத்துக்கு முதல் சோதனை அதுதான். அந்த நிலையில் முழுச் சிரிப்பு வரவில்லை. பாதிதான் வந்தது. அவர் முகம் மாறியது.

"ரெண்டு கையையும் தூக்குங்கோ."

ஒன்றைத் தூக்கினேன்.

"உடனை அம்புலன்சைக் கூப்பிடுங்கோ" என்றார்.

பாரிசவாதமாகவே இருந்துவிடலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். உண்மையைவிட அது மரியாதையான வருத்தம். ஆனால் மனைவி என் காலைப் பிடித்துக்கொண்டு, "காலமை இவரோடை சண்டை பிடிச்சிட்டன்" என்று அழத் தொடங்கினாள். அவள் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. அதற்கு மேல் என்னால் பொறுக்க முடியவில்லை.

"பாரிசவாதமில்லை பிள்ளை. வலது கை இன்னும் இறுகினபடிதான் கிடக்குது."

"சுகமாகிட்டுது எண்டு சொன்னனீங்கள்."

"அதை வேறை ஒராளட்டைக் காட்டிறன்."

"என்னட்டைத்தான்" என்றது கூட்டத்துக்குள் ஒரு குரல், குகன் அண்ணை. அவர் மனைவிக்கும் அதே ஊர் என்பது எனக்குத் தெரியாது. "ஆனால் இடது நல்லம் எண்டெல்லோ எனக்குச் சொன்னவர். உந்த நீலப் பட்டி என்ன?"

மண்டபத்தில் மல்லாந்து கிடந்தபடியே, ஊர் முழுதும் கேட்க, ஒப்பீட்டுப் பரிசோதனை என்றால் என்ன என்று விளக்கினேன். என் வாழ்நாளில் இவ்வளவு அமைதியான வகுப்பு எனக்குக் கிடைத்ததில்லை.

மனைவி அழுகையை நிறுத்தினாள். "அப்ப கொழும்புத்துறை ரியூசன்?" என்று மட்டும் கேட்டாள். எனக்கு மறுபடியும் பாதிச் சிரிப்புத்தான் வந்தது.

வைத்தியர்கள் இருவரும் என்னைத் தாண்டித் தங்களுக்குள் கதைத்தார்கள்.

"நோவு தணிஞ்ச தோளை என்னட்டை விட்டிருந்தால் நான் எழுப்பியிருப்பன்" என்றார் மிஸ்.

"எழுப்பிற ஆள் இருக்கெண்டு தெரிஞ்சிருந்தால் நானே அனுப்பியிருப்பன்" என்றார் குகன் அண்ணை.

அவர்களுக்குள் சண்டை வரும் என்று கொஞ்சம் எதிர்பார்த்தேன். வரவில்லை. இருவரும் ஒற்றுமையாக என்னைத்தான் கோபித்தார்கள்.

"மாஸ்டர் எழும்பினால் தீபம் காட்டலாம்" என்றார் ஐயர்.

அடுத்த திங்களிலிருந்து இரண்டு தோளுக்கும் இரண்டு வைத்தியம். முதலில் குகன் அண்ணை, பிறகு மிஸ். இரண்டு இடத்துக்கும் மனைவி கூடவே வந்து, என்னிடம் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் தானே பதில் சொன்னாள். பயம் தெளிந்த தோள் இழுவைக்கு இணங்கியது. எட்டு மாதத்தில் இரண்டு கையும் எழும்பின.

இப்போது வீட்டில் நான் என்ன சொன்னாலும் அதற்கு ஒரு விதிமுறை இருக்கிறது. கடையில் வடை சாப்பிடவில்லை என்றாலும் சரி, கரண்ட் பில் கட்டிவிட்டேன் என்றாலும் சரி, மனைவி நிமிர்ந்து பார்க்காமலே சொல்வாள்: "ரெண்டு கையையும் தூக்கிச் சொல்லுங்கோ."

தூக்கிச் சொல்கிறேன். வடை விஷயத்தில் மட்டும் வலது கை கொஞ்சம் பிந்துகிறதாம்.